வித்தைக்காரன் வாய்ப்பேச்சு



வீரகனூர் போன்ற சந்தைகளில் செப்படி வித்தை பார்த்த பெரியவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். வித்தைக்காரன் சிறு செப்புகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டு வாய் ஓயாமல் பேசுவான். “அண்ணே, மாமியார் வீடு எந்தப் பக்கம்?” என்று திடீரெனக் கேட்பான். கேள்வி கேட்டவன் முகத்தைப் பார்ப்பது மனுஷ சுபாவம். கூட்டம் சிரிக்கும்; அந்த நொடியில் உருண்டை இடம் மாறிவிடும். அதில் மந்திரமுமில்லை, பசாசின் வேலையுமில்லை.

அர்ச்சியசிஷ்ட தொன் போஸ்கோ (1815-1888) இக்கலையில் மகா கெட்டிக்காரர். இத்தாலியில் கியேரி நகரில் அவர் படித்த நாளில், பையன் சூனியக்காரனோ என்று சந்தேகம் கிளம்பிற்று. புர்சியோ என்ற குருவானவர் வீட்டுக்கு வரவழைத்து விசாரித்தார். “சுவாமி, இப்போது மணி என்ன?” என்றார் மாணவர். குரு சட்டைப்பையைத் தடவினார், கடிகாரம் இல்லை. “சரி, ஒரு காசாவது கொடுங்கள்” என்றார். பணப்பையும் இல்லை! குருவுக்குக் கோபம் வந்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான்: சற்றுமுன் அவர் ஓர் ஏழைக்குப் பிச்சையிட்டுப் பணப்பையை முழங்காற்படியில் வைத்தார், கடிகாரத்தை மேசையில் விட்டு அடுத்த அறைக்குப் போனார். மாணவர் இரண்டையும் விளக்கு மூடிக்குள் ஒளித்துவிட்டார். குரு விழுந்து விழுந்து சிரித்தாராம்.

அது தமாஷ். நாமோ இதே வித்தையைச் சர்வேசுரனிடம் காட்டுகிறோம்.

அருளப்பர் சுவிசேஷம் 4-ம் அதிகாரத்தைப் பாருங்கள். புருஷனை அழைத்துவரும்படி சேசுநாதர் சமாரிய ஸ்திரீயிடம் சொல்கிறார். தனக்குப் புருஷனில்லை என்கிறாள். ஐந்து பேர் இருந்ததையும், இப்போதிருப்பவன் புருஷனல்ல என்பதையும் அவர் சொன்னதுமே, தொழவேண்டிய இடம் இந்த மலையா, ஜெருசலேமா என்று பேச்சைத் திருப்புகிறாள்! நல்ல வேதக் கேள்விதான். கேட்ட நேரத்தைக் கவனியுங்கள். அவள் மெய்யாகவே சந்தேகம் கேட்டாள் என்று சொல்லும் வேத அறிஞரும் உண்டு. இருக்கலாம். நம்மையே அறிந்த எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பாவசங்கீர்த்தனத்தில் நாம் செய்வதென்ன? மருமகள் எதிர்த்துப் பேசியது ஐந்து நிமிஷம், பங்காளி வரப்பை வெட்டியது ஐந்து நிமிஷம், ஜெபமாலையில் பராக்கு, பூசைக்குப் பிந்தி வந்தது. கடைசியில், மறந்துபோன பாவங்களுக்கும் மன்னிப்பு என்று ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். தறி ஓட்டினவனுக்குக் கொடுக்காமல் பிடித்துக்கொண்ட கூலி, தம்பியின் கைநாட்டை வாங்கி எழுதிக்கொண்ட காடு, லாரியோடு போனவன் வெளியூரில் வைத்திருக்கும் இன்னொரு வீடு, இவை செப்புக்கடியிலேயே இருக்கின்றன. குருவானவர் ஏமாறலாம், அவரும் மனுஷன்தான். நாளடைவில் நாமே ஏமாந்து, புர்சியோ சுவாமியைப்போல எல்லாம் பத்திரமாய் நம்மிடம் இருப்பதாக எண்ணிக்கொள்கிறோம். பயப்படவேண்டியது அதற்குத்தான்.

சேசுநாதர் அந்த ஸ்திரீயைக் கடிந்துகொள்ளவில்லை. அவள் கேள்விக்குப் பொறுமையாய் மறுமொழி சொன்னார். ஆனால் எழுந்து போகவுமில்லை. அவளோ, கிணற்றடியில் மறைக்கப் பார்த்ததை ஊருக்குள் ஓடித் தன் வாயாலேயே சொன்னாள்: தான் செய்ததெல்லாவற்றையும் சொன்ன ஒருவர் அங்கே இருக்கிறார், வந்து பாருங்கள் என்றாள். போகிற அவசரத்தில் குடத்தையும் அங்கேயே விட்டுவிட்டாள்.