ஏக்கம் எதனை நோக்கியது?

இளமையில் கண்டு களித்தவற்றைப் பிற்காலத்தில் எண்ணி ஏங்குவது மனித இயல்பு. விளையாடிய முற்றமும், கேட்ட கதையும், உண்ட பண்டமும் அவ்வேக்கத்திற்குப் பொருளாதல் தொன்றுதொட்டு உள்ளதே. இருபதாம் நூற்றாண்டு அவ்வரிசையில் புதிதாக ஒன்றைச் சேர்த்தது. அதுவே தொலைக்காட்சி. ஐம்பது வயதைக் கடந்தவர்கள் கூடியிருக்கும் இடத்தில், பழைய குழந்தை நிகழ்ச்சி ஒன்றின் தொடக்க இசையை ஒருவர் முணுமுணுத்தால் போதும். அனைவர் முகத்திலும் ஒளி பரவுகின்றது. அடுத்த கணமே ஒரு பெருமூச்சு எழுகின்றது. அந்தப் பெருமூச்சு எதற்காக? இழந்த பொருள்தான் யாது? இக்கேள்வி வெறும் பொழுதுபோக்கைப் பற்றியதன்று, அறத்தைப் பற்றியதுமாகும்.

இதனை ஆராய்வதற்கு ஜொகூர் பாரு ஏற்றதொரு நகரம். தீபகற்பத்தின் தென்கோடியில் நிற்கும் அந்நகருக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஒரு குறுகிய நீரிணைதான் உண்டு. சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. கோலாலம்பூரில் அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. இவ்விரண்டிற்கும் இடையே, செப்டம்பர் 16ஆம் நாள், சிங்கப்பூரையும் உள்ளடக்கி மலேசியா உருவாயிற்று; 1965 ஆகஸ்ட் 9ஆம் நாள் சிங்கப்பூர் தனி நாடாயிற்று. நாடுகள் பிரிந்தன; ஒளியலைகள் பிரியவில்லை. ஜொகூர் பாருவின் கூரைகளில் மீன்முள்ளைப் போல் நின்ற ஏரியல்கள் தெற்கு நோக்கியும் திருப்பப்பட்டன. சிங்கப்பூரின் ஐந்தாம் ஒளிவழி பெரும்பாலும் ஆங்கிலமும் மலாயும் பேசிற்று. எட்டாம் ஒளிவழி சீனமும் தமிழும் பேசிற்று. 1974இல் சிங்கப்பூர் வண்ணத்திற்கு மாறியது. மலேசியா 1978 இறுதியில் மாறியது. வண்ணப் பெட்டி வாங்கும் வசதி படைத்த இல்லங்களில், அண்டை நாடு வண்ணத்திலும் சொந்த நாடு கறுப்பு வெள்ளையிலும் தெரிந்த காலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் நீடித்தது.

ஆகவே இந்நகரத்துக் குழந்தையின் இளமை நினைவில் இரண்டு நாடுகள் கலந்து கிடக்கின்றன. அவை மட்டுமா? 1966இல் ஜப்பானில் தோன்றிய அல்ட்ராமேனும், 1969இல் அமெரிக்காவில் தோன்றிய செசமே ஸ்திரீட்டும், பூனையும் எலியும் துரத்திக்கொள்ளும் கேலிச்சித்திரமும் அந்நினைவிலே குடியேறின. கடற்பாலத்தைக் கடக்கும் மனிதனுக்குக் கடப்பிதழ் வேண்டும். நினைவுக்கு அது வேண்டியதில்லை.

இனி, அந்த ஏக்கத்தின் இயல்பை நோக்குவோர் விந்தையான ஒன்றைக் காண்பர். அன்று வாரம் முழுதும் காத்திருந்து கண்ட நிகழ்ச்சிகளிற் பலவற்றை இன்று கைப்பேசியிலேயே காண இயலும். ஆவலோடு ஒருவர் அதனைத் தேடி எடுக்கின்றார். முதற் சில நிமிடங்கள் உள்ளம் துள்ளுகின்றது. பின்னர்ச் சலிப்பு மெல்லத் தலைகாட்டுகின்றது. அரக்க விலங்கு என்று அஞ்சிய உருவம் இரப்பர் உடைக்குள் நடமாடும் மனிதர் என்பது வெளிப்படையாகத் தெரிகின்றது. பத்தாவது நிமிடத்தில் கைப்பேசி கீழே வைக்கப்படுகின்றது. ஆயினும் ஏக்கம் தீர்ந்ததா? இல்லை; முன்னினும் மிகுகின்றது.

மேலை நாட்டார் இவ்வகை ஏக்கத்தை முதலில் ஒரு நோயாகவே கருதினர். 1688ஆம் ஆண்டில் யோகானசு ஓஃபர் என்னும் சுவிஸ் மருத்துவ மாணவர், ஊரைப் பிரிந்தவர்களை வாட்டிய துயரத்திற்குக் கிரேக்கச் சொற்கள் இரண்டை இணைத்து ஒரு பெயர் சூட்டினார். ஊர் திரும்புவதே அதற்கு மருந்து என்று எண்ணப்பட்டது. 1798இல் வெளிவந்த தம் மானிடவியல் நூலில் செருமானியத் தத்துவ அறிஞர் இம்மானுவேல் காந்து அவ்வெண்ணத்தைச் சற்றே திருத்தினார். ஊர் திரும்பியவர்கள் ஏமாற்றமே அடைகின்றனர். ஊர் மாறிவிட்டது என்று அவர்கள் நினைக்கின்றனர். உண்மையில் அவர்களால் மீட்க இயலாதது தங்கள் இளமையையே என்பது அவர் கருத்து.

தமிழர் இதனை அதற்கும் நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். புறநானூற்றின் 243ஆம் பாடலில், கோலூன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் முதியவர் ஒருவர், தோழரோடு ஆடியதையும், கரையில் நின்றோர் வியக்க மரக்கிளையிலிருந்து மடுவில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததையும் நினைந்து வருந்துகின்றார். அம்முதியவருக்கு ஓர் ஐயம் எஞ்சியிருக்கக்கூடும்: அந்த மடுவும் மருதமரமும் அப்படியே மீண்டு வந்தால் துயரம் தீருமோ? அதனைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வழியில்லை. மடு தூர்ந்துபோகும்; மரம் பட்டுப்போகும்.

தொலைக்காட்சித் தலைமுறைக்கு அவ்வழி உண்டு. பதிவுசெய்யப்பட்ட நிகழ்ச்சி மூப்பதில்லை. அதே படம், அதே இசை, அதே சொற்கள் அப்படியே மீளுகின்றன. பொருள் முழுமையாகக் கைக்கு வந்தும் ஏக்கம் தீரவில்லையெனில், ஏக்கம் அப்பொருளை நோக்கியது அன்று என்பது உறுதியாகின்றது அன்றோ? இழந்தது நிகழ்ச்சியன்று, அந்நிகழ்ச்சியைச் சூழ்ந்திருந்த வாழ்க்கை. குறித்த வேளை வரும்வரை காத்திருந்த காத்திருப்பு, தரையில் தோளோடு தோள் உரசி அமர்ந்த உடன்பிறந்தோர், பின்னால் நாற்காலியில் இருந்தபடி பொருள் விளங்காமலேயே சிரித்த பாட்டி, நாளைய கவலையை வேறு எவரோ சுமக்கின்றார் என்னும் நம்பிக்கை ஆகியவை அவ்வாழ்க்கையின் கூறுகள்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை வேண்டும். அக்காலமே பொற்காலம் என்று தீர்ப்பளிப்போர், அக்காலத்தின் சன்னலுக்கு வெளியே நின்றவர்களை மறந்துவிடுகின்றனர். நகரில் பெட்டி ஒளிர்ந்த அதே மாலையில், ஜொகூரின் தோட்டத்து லயங்கள் பலவற்றில் மின்னாக்கி சில மணி நேரமே ஓடிற்று. சிலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே துணை. பெட்டி உள்ள வீடு பெரும்பாலும் கிராணியாருடையதாகவோ கடைக்காரருடையதாகவோ இருந்தது. உள்ளே அழைக்கப்பட்ட பிள்ளைக்கும், சன்னற் கம்பியைப் பற்றிக்கொண்டு நின்ற பிள்ளைக்கும் ஒரே நிகழ்ச்சி இருவேறு நினைவாயிற்று. ஒருவருக்கு இனிப்பாக இருப்பது மற்றொருவருக்கு விளக்கணைந்து கதவு மூடப்பட்ட ஓசையாக இருக்கலாம். மேலும், தமிழ்ப் பிள்ளைகள் உள்ளத்தில் இடம்பெற்ற நாயகர்களுள் தமிழ் பேசியவர் மிகச் சிலரே. இன்பம் உண்மையானதே; அவ்வின்பம் தாய்மொழியில் அரிதாகவே கிடைத்தது என்பதும் உண்மையே. இனிமையை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றை நீக்கிவிடும் நினைவு, நினைவாகாது. அது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும்.

அவ்வாறாயின் ஏக்கத்தை வீண் என்று ஒதுக்கிவிடலாமா? அதுவும் தகாது. 2020ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள், கொள்ளை நோய் முடக்கத்தின்போது, இந்தியாவின் தூர்தர்ஷன் 1987இல் தொடங்கி ஒளிபரப்பிய இராமாயணத் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. நினைத்த வேளையில் நினைத்த படத்தைக் காணும் வசதி கைக்குள்ளேயே இருந்த காலம் அது. இருந்தும் மக்கள் காலை ஒன்பது மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் பெட்டியின் முன் அமர்ந்தனர். பழைய தொடர் மட்டும் திரும்பி வந்திருந்தால் இது நிகழ்ந்திராது. வீட்டார் அனைவரும் ஒரே கூரையின்கீழ், ஒரே வேளையில், ஒரே திரையின் முன் இருக்கும் நிலையும் உடன் திரும்பியிருந்தது. இளமை மீளாது, உடனிருத்தல் மீளக்கூடும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

இன்றைய ஜொகூர் பாருவில் நிலைமை வேறு. 2019ஆம் ஆண்டில் இரு நாடுகளும் பழைய அலைமுறை ஒளிபரப்பை நிறுத்தி எண்மானத்திற்கு முற்றிலும் மாறின. குழந்தைக்குத் திரை தன் கையில் இருக்கின்றது. காத்திருக்க வேண்டிய தேவையில்லை. 2007இல் தோன்றிய உப்பின் இப்பின் என்னும் மலாய் உயிரூட்டப் படத்தில் ராஜு என்னும் தமிழ்ச் சிறுவன் கம்பத்துப் பிள்ளைகளுள் ஒருவனாக ஓடி விளையாடுகின்றான். முன்னைய தலைமுறைக்குக் கிட்டாத பேறு அது. ஆயினும், நாள் முழுதும் உழைத்துக் கடற்பாலத்து நெரிசலில் ஊர்ந்து இரவில் வீடு சேரும் தந்தையோ தாயோ அக்குழந்தையின் அருகில் அமர்ந்து அதனைக் காண்பது எத்தனை நாள்?

பெரியோர் இருவகையில் தவறுவதுண்டு. சிலர் தம் இளமை நிகழ்ச்சிகளைப் பிள்ளைகள்மீது திணிக்கின்றனர். பிள்ளை கொட்டாவி விட்டால் மனம் நோகின்றனர். வேறு சிலர், இக்காலப் பிள்ளைகளுக்கு எதுவும் சுவைக்கத் தெரியவில்லை என்று பழிக்கின்றனர். இருவரும் ஏக்கத்தைப் பொருளோடு கட்டிவிட்டவர்களே. ஏக்கத்தின் உண்மையை உணர்ந்தவர் செய்யத்தக்கது வேறொன்று. பிள்ளை விரும்பும் நிகழ்ச்சியை, அது தமக்குச் சுவைக்காவிடினும், பிள்ளையோடு அமர்ந்து காணலாம். கதையைத் தமிழில் பேசலாம். கேள்விகளுக்கு விடை கூறலாம். அண்டை வீட்டுப் பிள்ளையை உள்ளே அழைத்து அமர்த்தலாம். பொருள் புரியாமல் சிரித்த அந்தப் பாட்டி வழங்கிய கொடையும் இதுவே.

இன்று ஐந்து வயதாகும் குழந்தையும் ஒரு நாள் முதுமை எய்தும். ஏதோ ஓர் இசையைக் கேட்டுப் பெருமூச்சு விடும். அவ்வேளையில் அதன் நினைவில் திரை மட்டும் இருக்குமா, திரையின் முன் உடனிருந்தவர்களும் இருப்பார்களா என்பதை இன்றைய பெரியோரின் மாலைப் பொழுதுகளே முடிவு செய்கின்றன. கடந்த காலத்தின்மீது கொண்ட அன்பு மெய்யாயின், அது நிகழ்காலத்தில் கடமையாக மாற வேண்டும். கடமையாக மாறாத ஏக்கம் வெறும் பெருமூச்சாகவே எஞ்சும்.