அருள் முந்தியதா, முயற்சி முந்தியதா?

ஈசுவர கிருபைக்கு ஜீவனுடைய பிரயத்தனம் வேண்டுமா என்ற வினாவை, தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியையும் தாய் வாயால் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியையும் திருஷ்டாந்தமாகக் காட்டி, வைணவரில் முறையே வடகலையாரும் தென்கலையாரும் நெடுங்காலம் வாதித்து வந்திருக்கிறார்கள். புதிய மதர்போர்டில் பவர் சப்ளையை இணைக்கிறவனுக்கு முன்னாலும் அவ்வினா நிற்கிறது என்றே நான் கருதுகிறேன்.

24 பின் கொண்ட பெரிய இணைப்பை அதன் கொக்கி சட்டென்று மாட்டிக்கொள்ளும்வரை அழுத்தி, பிராசசருக்குரிய 8 பின் இணைப்பையும் செருகி, சுவிட்சைப் போட்டவுடன், விசிறி சுழலாமலே 5 வோல்ட் மின்சாரம் பலகையில் வந்து நின்றுவிடுகிறது. நிற வழக்கம் பேணும் சப்ளைகளில் அதற்குரியது ஊதாக் கம்பி. கேளாமலே வந்த அந்தச் சொற்ப சக்தி இல்லையேல், பலகையால் கேட்கவும் இயலாது. பொத்தானை அழுத்தும்போது பலகை பச்சைக் கம்பியின் வோல்ட்டைத் தாழ்த்துகிறது. அந்தத் தாழ்தலே அதன் விண்ணப்பம். உடனே 12, 5, 3.3 வோல்ட் பிரவாகங்கள் எழுகின்றன. ஆயினும் அவை நிலைபெற்று, 100 முதல் 500 மில்லிசெகண்டுக்குள் சாம்பல் நிறக் கம்பியில் அனுமதி வரும்வரை பிராசசர் தன் வேலையைத் தொடங்குவதில்லை.

ஜடப்பொருளுக்கு இச்சையேது என்று ஆட்சேபிக்கலாம்; நியாயமான ஆட்சேபமே. நான் ஆராய்வது இச்சையை அன்று, முன்பின் முறையை மட்டுமே. கேட்கும் வலிமையே கேட்பதற்கு முன் அளிக்கப்பட்டிருப்பதால், இவ்விஷயத்தில் என் சித்தம் தென்கலையார் பக்கமே சாய்கிறது.