வெட்டப்பட்ட ஷாட்

விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) மாணவர்களுக்குக் குழுவாகச் சேர்ந்து பாடல் வீடியோ எடுக்கும் வேலை வந்தால், குறும்படத்தைவிட எளிது என்று நினைத்துத்தான் இறங்குகிறார்கள். வசனம் வேண்டாம்; கதை அரைகுறையாக இருந்தாலும் பாட்டு தாங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. எனக்கென்னவோ அவர்கள் செய்யும் பயிற்சிகளிலேயே கடினமானது இதுதான் என்று தோன்றுகிறது. பாட்டு யாருக்காகவும் காத்திருக்காது. நான்கு நிமிடம் என்றால் நான்கே நிமிடம்.

படப்பிடிப்பில் ஸ்பீக்கரில் பாட்டை ஓடவிட்டு நடிப்பவர் வாயசைக்க வேண்டும். மெரினா மணலில் எடுத்தால் காற்றில் பாட்டு பாதிதான் காதில் விழும், வாயசைப்பு பிந்திப்போகும். ஸ்லோமோஷன் என்றால் இன்னும் பாடு. விநாடிக்கு 48 ஃபிரேம் எடுத்து, அதை 24 ஃபிரேமில் ஓட்டப்போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எடுக்கும்போது பாட்டை இருமடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். கீச்சுக்குரலில் பறக்கும் அந்தப் பாட்டுக்கு நடிப்பவர் அவசர அவசரமாக வாயசைப்பார். சுற்றி நிற்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். திரையிலோ கூந்தலும் துப்பட்டாவும் மெல்ல அசைய, உதடு மட்டும் பாட்டோடு பொருந்திப் போகும். இந்தக் கணக்கைப் போட்டு, சரியான வேகத்தில் பாட்டை ஓடவிட்ட மாணவர் எந்த ஃபிரேமிலும் இருக்க மாட்டார்.

அமெரிக்காவின் ஓகே கோ இசைக்குழு 2006இல் 'ஹியர் இட் கோஸ் அகைன்' பாட்டுக்கு எட்டு ட்ரெட்மில்கள்மீது ஆடி, வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் வீடியோ எடுத்தது. அடுத்த ஆண்டு அதற்கு கிராமி விருது கிடைத்தது. ஆடியவர்கள் நான்கு பேர். ஒருவர் கால் பிசகினால் நால்வரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மற்ற மூவரும் சரியாக ஆடியதால் அந்த டேக் பிழைத்துவிடாது.

ஒரே ஷாட்டில் எடுப்பவர்களுக்கு இந்த உண்மை உடனே தெரிந்துவிடுகிறது. வெட்டி ஒட்டி எடுப்பவர்களுக்கு எடிட்டிங்கில் தெரிகிறது. அதுவரை எல்லாம் சுமுகம்தான். செலவைப் பங்கு போட்டாயிற்று, வேலையைப் பிரித்தாயிற்று, டீ குடித்தாயிற்று. ஒருவர் இருட்டோடு எழுந்து பழவேற்காட்டுக்குப் போய், விடியும் நேரத்தில் படகு ஒன்றைப் படம்பிடித்து வந்திருக்கிறார். அழகான ஷாட். டைம்லைனில் வைத்துப் பார்த்தால் சரணத்தின் நடுவே பாட்டு அறுந்து நிற்கிறது. எல்லோருக்கும் அது தெரிகிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை. அவர் பட்ட பாடு கண்முன் நிற்கிறதே. அப்போது எடுத்தவரே, "தூக்கிடுடா, பாட்டோட ஒட்டல" என்கிறார்.

அவர்கள் குழுவாவது அப்போதுதான். அதற்குமுன் அவர்கள் ஒரே வேலைக்குப் பெயர் கொடுத்த ஐந்து பேர், அவ்வளவே. ஒற்றுமை வேண்டும் என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தால், யார் எவ்வளவு செய்தார் என்ற கணக்குத்தான் மிஞ்சும். தங்களில் யாருக்கும் சொந்தமில்லாத ஒன்றுக்கு எல்லோரும் கட்டுப்படும்போது அந்தக் கணக்கு தானாக மறைகிறது. இங்கே அந்த ஒன்று, பாட்டு. நாம் பட்ட பாட்டுக்காக ஒரு ஷாட் திரையில் இடம் கேட்க முடியாது என்பதைப் பத்தொன்பது வயதில் ஒரு பிள்ளை மனதார ஏற்றுக்கொள்வது எளிதல்ல. நரை விழுந்த பிறகும் பலருக்கு அது வாய்ப்பதில்லை; எத்தனை சங்கங்கள், எத்தனை கூட்டுக் குடும்பங்கள் அதனாலேயே உடைந்திருக்கின்றன!

மதிப்பெண் போடும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முடிந்த வீடியோவைப் பார்த்த கையோடு எழுந்துவிடாதீர்கள். வெட்டிய ஷாட்டுகளையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எடுத்தது யார், வேண்டாம் என்று சொன்னது யார் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே ஆளாக இருந்தால், அதற்கும் மதிப்பெண் போடுங்கள்.