இரவல் கண்

ஆர்.கே.பேட்டையில் என் பாட்டிக்கு நான்தான் கண். மாத்திரை அட்டை, கரண்ட் பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் முதலில் என் கைக்குத்தான் வரும். ஒருமுறை அவளுக்கு மணிக்கட்டு பிசகிவிட்டது. புத்தூர் கட்டுக்காகத் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றோம். ஆந்திரா பஸ், பலகை தெலுங்கில். எனக்குத் தெலுங்கு பேச வரும், எழுத்து அரைகுறை. முதல் எழுத்து பிடிபடவில்லை. மிச்சம் ‘த்தூரு’ என்று தெரிந்தது. “புத்தூர்தான் பாட்டி, ஏறு” என்றேன். அது சித்தூர் பஸ். பாதி வழியில் இறங்கி, வீங்கிய கையோடு திரும்பினோம். பாட்டி திட்டவில்லை. “தெரியலன்னா தெரியலன்னு சொல்லேன்டா” என்றாள், அவ்வளவுதான்.

இப்போது மென்பொருள் வேலை. அரட்டைச் செயலிகளுக்குப் படத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறனைப் பாதுகாப்பாகச் சேர்ப்பது எப்படி என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த பஸ் ஞாபகம் வருகிறது.

2023 மார்ச்சில் ஓபன்ஏஐ நிறுவனம் ஜிபிடி-4ஐ அறிவித்தபோது, அதன் பார்வைத் திறனைச் சோதிக்க முதலில் கைகோத்தது ‘பி மை ஐஸ்’. பார்வையற்றவர்களை வீடியோ வழியே தன்னார்வலர்களோடு இணைக்க 2015இல் டென்மார்க்கில் தொடங்கிய செயலி அது. சுமார் 200 பேரோடு ஆரம்பித்த சோதனை செப்டம்பருக்குள் 16,000 பேரை எட்டியது. பலருக்கு அது பெரிய விடுதலை. ஆனால் மெனு அட்டையில் இல்லாத பண்டத்தை இருப்பதாக அது அடித்துச் சொன்னதையும் ஓபன்ஏஐயின் அறிக்கையே பதிவுசெய்தது.

நான் செய்ததும் அதேதான். மங்கலான இடத்தைப் பழக்கத்தால் நிரப்பினேன். புத்தூர் போகவேண்டியிருந்தது, அதனால் புத்தூர் தெரிந்தது. பார்வை உள்ளவர் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். யாருக்கு இந்தக் கண் அதிகம் தேவையோ, அவரால்தான் அதைச் சரிபார்க்க முடியாது.

“சந்தேகம் வந்தால் மறுத்துவிடு” என்பது எங்கள் தொழிலில் எளிய தீர்வு. அதுவும் போதாது. அதே ஆண்டு அந்தச் செயலி மனித முகங்களை விவரிப்பதை நிறுத்தியது. காரணம் நியாயமானது: தெருவில் போகிறவரைப் படமெடுத்து யாரென்று கேட்கும் வசதி தப்பான கைக்குப் போனால் என்ன ஆகும்? ஆனால் எதிரே இருப்பவர் சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று பார்வை உள்ள எல்லோருக்கும் இலவசமாகத் தெரிவது, ஒருவருக்கு மட்டும் ஏன் தெரியக்கூடாது? இந்தக் கேள்விக்கும் நியாயம் இருக்கிறது.

எனக்குப் பட்டது இதுதான். ‘தெரியவில்லை’ வேறு, ‘சொல்லமாட்டேன்’ வேறு. முன்னது கண்ணின் எல்லை, பின்னது மனசாட்சியின் எல்லை. இரண்டையும் ஒரே மழுப்பலில் கலக்கும் இயந்திரம் ஆபத்தில்லாததாக இருக்கலாம், நேர்மையானது இல்லை. மாத்திரை அட்டையைக் காட்டினால், “கடைசி இரண்டு எழுத்து மங்கலா இருக்கு, வெளிச்சத்துல மறுபடி எடுங்க” என்று சொல்லவேண்டும். முகத்தைக் காட்டினால், “யாருன்னு சொல்லமாட்டேன், ஆனா சிரிக்கிறாங்க” என்று சொல்லவேண்டும். கேட்பவர் அடுத்து என்ன செய்வதென்று முடிவெடுக்க அது போதும்.

அதற்கப்புறமும் பாட்டி என்னைத்தான் பலகை படிக்கச் சொன்னாள். கேட்டுவிட்டு, பக்கத்தில் நிற்பவரிடமும் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டுத்தான் ஏறுவாள். அப்போது எனக்கு அவமானமாக இருந்தது.