விருந்தினரும் குடிவந்தோரும்

‘வந்தாரை வாழவைக்கும் நாடு’ என்று தமிழகத்தைப் போற்றுவது நம் மேடை வழக்கம். அந்நாட்டை நீங்கிப் பிறமொழி மாநிலங்களில் குடியேறி, நாமே ‘வந்தார்’ என்னும் நிலையை எய்திய பின்னர், அத்தொடரை வேறொரு பக்கத்திலிருந்து நோக்க வேண்டியவர்களாகிறோம். வந்தவரை வாழவைத்தல், முன்னரே வாழ்வோரின் பெருந்தன்மையா, அன்றி அவர்தம் கடமையா? பெருந்தன்மையாயின் மனம் உள்ளபோது காட்டி, இல்லாதபோது விட்டுவிடலாம். கடமையாயின் அங்ஙனம் விட இயலாது.

விருந்து என்னும் சொல்லுக்குப் புதுமை என்பதே பழம்பொருள். உற்றார் உறவினரல்லாது புதியராய் வந்தவரே நம் முன்னோர்க்கு விருந்தினர். ஆயினும் விருந்தினர்க்கு ஓர் இலக்கணம் உண்டு. அவர் திரும்பிச் செல்வார். குடிவந்தவரோ செல்லார். அவர்க்கு ஒருவேளைச் சோறு போதாது. வாடகைக்கு ஓர் அறை, முகவரிச் சான்று, பிள்ளைக்குப் பள்ளியில் இடம், நோயுற்றால் மருத்துவரிடம் எடுத்துரைக்க மொழி தெரிந்த ஒருவர் ஆகிய அனைத்தும் வேண்டும். மாற்றல் ஆணையுடன் வரும் எம்போன்ற அரசு ஊழியர்க்கு அலுவலகமே பாதி உறவு. ஆணை ஏதுமின்றி வருபவர் நிலையே இங்குச் சிந்தனைக்குரியது.

இத்தகையோர்பால் சமூகத்துக்குள்ள கடமையைக் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை நெடுங்காலமாக ஆராய்ந்து வந்துள்ளது. அச்சமயத்தைச் சாராதோரும் அதனை அறிதல் தகும். தொழிலாளர் நிலை குறித்து 1891-இல் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட ‘ரேரும் நோவாரும்’ என்னும் சுற்றுமடல், சொந்த மண்ணில் நல்வாழ்வு கிட்டுமாயின் எவரும் அதனை விட்டுப் பெயரார் என்று குறிப்பிட்டது. இருபத்துமூன்றாம் யோவான் 1963-இல் வெளியிட்ட ‘பாச்செம் இன் தெர்ரிஸ்’, தன் நாட்டினுள் எங்கும் சென்று வாழ்தலையும், தக்க காரணம் இருப்பின் பிறநாடு சென்று குடியேறுதலையும் மனித உரிமைகளுள் வைத்து எண்ணிற்று. உரிமை என்ற சொல்லே இங்கு முதன்மையானது. வந்தவர் இரப்பவர் அல்லர் என்பது அதனால் பெறப்படும். 1992-ஆம் ஆண்டின் மறைக்கல்வி நூல் மறுபக்கத்தையும் மறக்கவில்லை. வளமிக்க நாடுகள் இயன்ற அளவு ஏற்க வேண்டும். பொதுநலன் கருதி அரசு நிபந்தனை விதிக்கலாம். வந்தவரும் புகுந்த நாட்டின் மரபையும் சட்டத்தையும் மதிக்க வேண்டும் என்கிறது. நாம் இந்த இறுதிப் பகுதியைச் சற்று உரக்கப் படித்துக்கொள்ளுதல் நன்று!

ஏட்டில் உள்ள அறம் தெருவில் எவ்வாறு நடந்தது என்பதே சுவையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வறுமையால் இத்தாலியர் பெருந்திரளாக அமெரிக்கா சென்றனர். மிலான் புகைவண்டி நிலையத்தில் கப்பலேறுவதற்காக ஜெனோவா செல்லக் காத்துக்கிடந்த ஏழைக் கூட்டத்தைக் கண்டு உள்ளம் கலங்கிய பியாசென்சா நகர ஆயர் ஸ்கலாபிரினி, அவர்களுக்கென்றே 1887-இல் ஒரு துறவற சபையை நிறுவினார். நியூயார்க்கில் அவ்வேழைகளுக்கு என்ன வரவேற்புக் கிட்டியது? அங்குத் திருச்சபையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் ஐரிஷ் மக்கள். 1840-களின் கொடும்பஞ்சத்தில் உருளைக்கிழங்கும் அழுகிப்போகக் கப்பலேறி வந்தவரும் அவர்தம் வழியினரும் அவர்களுள் பலர். அதே சமயத்தவரான இத்தாலியர்க்குப் பல கோயில்களில் அவர்கள் ஒதுக்கிய இடம் தரைக்குக் கீழுள்ள அடித்தளம். மேலே ஒரு வழிபாடு; கீழே ஒரு வழிபாடு.

சீனம் செல்ல விரும்பிய கப்ரினி என்னும் கன்னியர் தலைவியைத் திருத்தந்தை லியோ மேற்குநோக்கிச் செல்லப் பணித்தார். 1889 மார்ச் 31-இல் ஆறு கன்னியருடன் அவர் நியூயார்க்கில் இறங்கியபோது தங்க வீடு இல்லை. இத்தாலிக்கே திரும்புமாறு அந்நகரப் பேராயரே கூறினார். அவர் திரும்பவில்லை. அநாதை இல்லம், பள்ளி, மருத்துவமனை என 1917-இல் மறைவதற்குள் அறுபதுக்கு மேற்பட்ட நிலையங்களை எழுப்பினார். 1909-இல் அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றார்.

நேற்று வந்தவரே இன்று வருபவரை அடித்தளத்துக்கு அனுப்பியது ஏன்? தாம் அரிதின் ஈட்டிய மதிப்பைப் புதியவரின் அழுக்கு உடையும் புரியாப் பேச்சும் குலைத்துவிடும் என்னும் அச்சமே என்பது என் கருத்து. இவ்வச்சம் ஐரிஷ் மக்களுக்கு மட்டும் உரியதன்று. புதிதாய் வந்த நம்மூர்க் கூலித் தொழிலாளியை விழாவின் முன்வரிசையில் அமர்த்த நம் சங்கங்களும் சற்றுத் தயங்கக் கூடும்.

தன் மொழியினர்க்குத் தானே துணைநிற்றல் குறுகிய நோக்கு எனச் சிலர் பழிப்பர். அதனை யான் ஏலேன். சிறு குழு ஆற்றவல்லதைப் பெரிய அமைப்புப் பறிக்கலாகாது என்று பதினொன்றாம் பயஸ் 1931-இல் வலியுறுத்தினார். புதியவரின் மொழியை அறிந்தவனே அவர் துயரை முதலில் அறிவான். வினா அதற்கு அப்பாலது: அத்துணை அங்கேயே நின்றுவிடலாமா? 2020 மார்ச் 25-இல் ஊரடங்கு தொடங்கியபின் குழந்தையைத் தோளிலும் மூட்டையைத் தலையிலும் சுமந்து நெடுஞ்சாலைகளில் நடந்தவர்களுள், நாம் குடியிருக்கும் அடுக்குவீடுகளைக் கட்டியோரும் இருந்திருப்பர். அவர்தம் பெயர் எந்தத் தமிழ்ச் சங்கத்தின் பதிவேட்டிலும் இராது.

ஸ்கலாபிரினி 1901-இல் அமெரிக்காவுக்கும் 1904-இல் பிரேசிலுக்கும் சென்றார். இத்தாலியரைக் காணச் சென்றவர், பிறநாட்டுக் குடியேறியோரும் அதே அல்லலில் உழல்வதைக் கண்டார். எல்லா நாட்டவர்க்கும் பொதுவாக ஓர் அமைப்பு வேண்டும் எனத் திட்டம் வரைந்து 1905-இல் திருத்தந்தை பத்தாம் பயஸுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஜூன் முதல் நாள் அவர் மறைந்தார். இத்தாலியர்க்கென அவர் தொடங்கிய சபை, பின்னாளில் எல்லா நாட்டுக் குடியேறியோர்க்கும் பணிபுரியலாயிற்று.