பள்ளிப் பருவத்து வேர்



கந்தப்பளை மலைச்சாரலிலே கவ்வாத்து வெட்டிய தேயிலை மலையொன்றை முதன்முறை காண்போர் அஃது அழிந்தொழிந்ததென்றே கருதுவர். இலையில்லை, கொழுந்தில்லை, கரிய கழிகள் மாத்திரமே குளிர்பனியிலே நிற்கும். தோட்டத்து மக்களோ அதனைக் கண்டு வருந்துவாரல்லர். இலை முழுதும் போயினும், வேரிலே முன்னரே சேர்ந்து கிடக்கும் மாச்சத்தினாலே அச்செடி மீண்டும் தளிர்க்குமென்பது அவர்க்குத் தெரியும். வேரிலே சத்துச் சேராத செடியை வெட்டினால் அது பட்டுப்போதலும் உண்டு.

பழைய மாணாக்கர் கூட்டங்களிலே பேசுவோர், பள்ளிக்கூடமே தமக்கு வேரென்று கூறுவது வழக்கம். ஊரும் காணியும் பாட்டன் தோண்டிய கிணறும் உடையார்க்கு அஃது ஓர் உபசார வார்த்தையே. (யுத்தத்தினாலே அவற்றை இழந்தோர் அவ்வார்த்தையின் பொருளை இப்பொழுது நன்கறிவர்.) மலைநாட்டு லயத்திலே பிறந்த பிள்ளைக்கோ அஃது உபசாரமன்று. லயத்தறை தோட்டத்துக்குரியது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலாரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு இரு நாட்டுத் தலைவர்கள் செய்த உடன்படிக்கை, 5,25,000 பேர் இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேர் இலங்கைக்கென்றும் அவர்களைப் பங்கிட்டது. ஒரே வாங்கிலிருந்து அரிச்சுவடி படித்த இருவருள் ஒருவர் தலைமன்னாரிலே கப்பலேறினார். மற்றவர் லயத்திலே நின்றார். நிலம், வீடு, அயல், நாடு என்னும் யாவும் பிறர் கையிலிருந்த அவ்விருவர்க்கும், எவராலும் பறிக்கப்படாததாய் எஞ்சியது பள்ளியிலே பெற்றதொன்றேயாம்.

அப்பள்ளிதானும் எத்தகையது? தோட்டத்துரைமார் தம் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, ஆறு வயது முதற் பத்து வயது வரையில், கல்விக்கு ஏற்பாடு செய்தல் வேண்டுமென 1907ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. விதித்தது ஒன்று, நடந்தது ஒன்று. பல தோட்டங்களிலே ஒரு மண்டபம், ஓர் உபாத்தியாயர், எல்லா வகுப்பும் ஒருங்கே. அரசினர் அப்பாடசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டளவிலேதான்.

இங்கே நம்மை நாமே நோதல் முறை. 1888ஆம் ஆண்டிலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. 1923ஆம் ஆண்டிலே சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றிற்று. வடபாலிலே ஊர்தோறும் சைவப் பாடசாலைகள் எழுந்தன. மலைநாட்டை நோக்கி நம்மவர் நீட்டிய கையோ மிகக் குறுகியது. அப்பாடசாலைகள் 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் அரசினர்வசமாயின. ஆகவே இன்று நாம் தாபிப்பதற்குக் கட்டடமில்லை. ஆசிரியர்களாகிய உங்களிடத்தேயே அக்கடன் வந்து நிற்கின்றது.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த ஆறுமுக நாவலரவர்கள் மிஷன் பாடசாலையிலே கற்றவர், அங்கேயே கற்பித்தவர். ஆயினும் சைவத்தினின்றும் வழுவாது நின்றார். இளமையிலே வீட்டிலும் தமிழாசிரியரிடத்தும் பெற்ற வேரின் வலிமை அது. வித்துவசிரோமணி பொன்னம்பலபிள்ளை அவர்கள் நாவலருக்கு மருகர். எனினும் தமிழுலகம் அவரைப் போற்றுவது நாவலரின் மாணாக்கரென்றே. உறவினும் வலிய உரிமை அது போலும்.

ஆன்மா சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் சித்தாந்தம். ஆறு வயதுப் பிள்ளை சார்வது எதனை? புத்தகத்தையன்று, உபாத்தியாயரை. சேய்ஞலூரிலே விசாரசருமர் தம்மோடு வேதமோதும் பிள்ளைகளுடன் செல்லும்போது, ஆயன் பசுவை அடிக்கக் கண்டு பொறாராயினார். உடன் சென்ற பிள்ளைகளும் அதே பாடத்தையே ஓதினர். அவரொருவர்க்கே ஓதியது உயிர்மேல் இரக்கமாய் விளைந்தது. பாடம் ஓதுவித்தல் எளிது. அஃது இரக்கமாய் விளையும்படி ஓதுவித்தலே அரிது.

நீலகிரியிலே 1968ஆம் ஆண்டு தொடங்கிய அரசினர் தேயிலைத் திட்டத்திலே, இலங்கையினின்றும் சென்றோர் பலர் வேலைக்கமர்ந்தனர். இங்கே இந்தியர் எனப்பட்டவர் அங்கே சிலோன்காரர் எனப்பட்டனர். கவ்வாத்து என்றால் அதுவே கவ்வாத்து! அத்தகையோர்க்குக் காலைதோறும் நீறணிந்து பாடிய ஒரு தேவாரமும், தம் பெயர் விழுந்த நாட்களைச் செக்ரோலிலே தாமே எண்ணிப் பார்க்கும் எழுத்தறிவும், பிறர் முன் நிமிர்ந்து நின்று பேசலாமென்னும் துணிவும் சிறியனவல்ல. மூன்றும் அந்த ஒற்றை மண்டபத்திலே, பெரும்பாலும் ஓர் உபாத்தியாயரிடத்திலே பெற்றவை.

இனி ஒன்று கூறுவோம், கசப்பாயினும் பொறுத்தருள்க. "தோட்டக்காட்டான்" என்றொரு சொல் நம் தமிழரிடையேயே வழங்கி வந்தது. இன்றும் முற்றிலும் ஒழிந்திலது. வெண்ணீறு துலங்கும் நெற்றியோடு வகுப்பிலே நின்று அச்சொல்லைக் கூறும் ஓராசிரியர் ஆயிரம் திருப்பதிகம் ஓதுவித்தாலும், அப்பிள்ளையின் வேரிலே சேர்வது அப்பதிகமன்று; அச்சொல்லே. ஐம்பது ஆண்டு கழித்தும் அவன் பதிகத்தை மறப்பான், அச்சொல்லை மறவான். நம் சமயத்தை விட்டு அகன்றோரைக் குறைகூறுமுன், அவருட் சிலர் எந்த வகுப்பறையிலிருந்து அகன்றனரென்று ஆராய்தல் நன்று.

கந்தப்பளையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் மூடுபனியிலே நடந்து, நனைந்த காலோடு முதற் பாடவேளைக்கு வருகின்றனர். சிறிது தாமதமாகவும் வருவர். அவர் பெயரைப் பதிவேட்டிலே கூப்பிடும்போது முழுமையாகக் கூப்பிடுங்கள். எத்தோட்டம், எந்த டிவிசன், தாய் எந்த மலையிலே கொழுந்தெடுக்கின்றாள் என்பதனைக் கேட்டறியுங்கள். வருகின்ற வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனையிலே, கடைசி வரிசையிலே நிற்கும் பிள்ளையை முன்னழைத்து, தேவாரத்தின் முதலடியை எடுத்துக்கொடுத்து, எஞ்சியதை அவனே பாடும்வரை காத்திருங்கள்.