சோறு போடுமுன் எடை பார்க்கிறவர்கள்

ஏழைக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் அந்த ரூபாய் என்ன ஆனது என்று கேட்க அரசுக்கு உரிமை உண்டா? உண்டு என்றுதான் படித்தவர்கள் சொல்வார்கள். மக்கள் வரிப்பணம், கணக்குக் கேட்காமல் விடலாமா என்பார்கள். நானும் மறுக்கவில்லை. என் கேள்வி வேறு. கணக்கு ஏன் ஒரே பக்கம் கேட்கப்படுகிறது? ஆய்வு என்று பணம் ஒதுக்கி ஆளனுப்பும்போது அந்த ஆள் ஏன் எப்போதும் சேரிக்குள் மட்டும் வந்து நிற்கிறான்? இதை நிர்வாகக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. இது அறம் பற்றிய கேள்வி.

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாட்டில் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் ஆயிரம் ரூபாய். 1 கோடியே 63 லட்சம் பேர் மனுக் கொடுத்தார்கள். 1 கோடியே 6 லட்சம் பேர் தேர்வானார்கள். ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் தாண்டக் கூடாது, நன்செய் ஐந்து ஏக்கர் தாண்டக் கூடாது, கரண்டு ஆண்டுக்கு 3600 யூனிட் தாண்டக் கூடாது என்று அளவுகள். பெயரில் 'உரிமை' இருக்கிறது. உரிமை என்றால் அதை வாங்கியவள் என்ன செய்தாள் என்று யார் கேட்பது? அரசு அலுவலருக்கு ஆண்டுக்கு இரண்டு முறை அகவிலைப்படி ஏறுகிறது. அந்தப் பணத்தில் அவர் குடித்தாரா, பிள்ளைக்குப் பால் வாங்கினாரா என்று யாராவது ஆராய்ச்சி பண்ணினார்களா? 2019 செப்டம்பரில் ஒன்றிய அரசு கம்பெனிகளுக்கான வரியை 30 சதவீதத்திலிருந்து 22க்குக் குறைத்தது. ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருவாய் போகும் என்று அரசே சொன்னது. அந்தக் குடும்பங்களின் நலம் கூடியதா குறைந்ததா என்று எந்தக் கணக்கெடுப்பாளரும் பங்களா கேட்டைத் தட்டவில்லை.

ஆய்வால் நமக்குப் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. பெண்களுக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்தபோது 'ஓசி பஸ்' என்று கேலி பேசினார்கள். மாநிலத் திட்டக் குழு விசாரித்து, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சமாகிறது என்று எழுதியது. கேலி பேசின வாயை அடைக்க அந்த எண் உதவியது. ஆனால் நம்முடைய தேவையை நம் வாயால் சொன்னால் எடுபடாது, ஓர் எண் வந்து சொன்னால்தான் எடுபடும் என்கிற நிலைமையை யார் உண்டாக்கியது?

எங்கள் விருத்தாசலம் பக்கம் ஒரு காலனிக்கு இப்படிக் கணக்கெடுக்க வந்தார்கள். நான் கூட இருந்தேன். முந்திரிக்கொட்டை உடைக்கிற ஒரு அக்கா. கொட்டைப் பால் பட்டுத் தோல் உரிந்த கை. வாரத்தில் எத்தனை நாள் முட்டை, வீட்டுக்காரர் குடிப்பாரா, அடிப்பாரா, கடன் எவ்வளவு, கக்கூசு உண்டா என்று ஒரு மணி நேரம் கேட்டான் அந்தப் பையன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு அந்த அக்கா கேட்டாள்: "என் வூட்டு அடுப்பு வரைக்கும் எட்டிப் பாத்துட்ட. எங்க பொணம் போற பாதைய அடைச்சி வேலி போட்டிருக்கானே, அத ஏன் தம்பி கேக்கல?" அவன் பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அதுக்குக் கட்டம் இல்லீங்கக்கா."

அவன் பொய் சொல்லவில்லை. கட்டம் இல்லைதான். ஆய்வின் அரசியல் பதிலில் இல்லை, கட்டம் போடுகிற இடத்தில் இருக்கிறது. அக்காவின் புருஷன் குடிப்பதற்குக் கட்டம் உண்டு. வேலி போட்டவனுக்குக் கட்டம் கிடையாது. கடைசியில் அறிக்கை வரும்போது ஏழையின் வறுமைக்குக் காரணம் ஏழையின் நடத்தைதான் என்று தானாகவே முடிவு வரும்.

எங்கள் ஊர் பீங்கான் ஊர். பொம்மை, பியூஸ் கட்டை, விளக்கு என்று செய்து சூளையில் வைக்கிறார்கள். ஒரு சாமான் வெடித்து வந்தால் அதன் ஒழுக்கம் சரியில்லை என்று எவனும் சொல்லமாட்டான். மண் கலவை சரியா, ஈரம் காய்ந்ததா, சூடு சீராக ஏறியதா என்று பார்ப்பான். சாமானைப் பார்ப்பதே சூளையைத் தெரிந்துகொள்ளத்தான். நலத்திட்ட ஆய்வில் மட்டும் வெடித்த சாமானையே திருப்பித் திருப்பி அளக்கிறார்கள். சூளைக்காரனிடம் ஒரு கேள்வி கிடையாது.

இந்த அளவைப் புத்திக்குத் தமிழ்நாட்டிலேயே பழைய உதாரணம் உண்டு. 1980இல் உலக வங்கிக் கடனில் ஒருங்கிணைந்த சத்துணவுத் திட்டம் ஒன்று வந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போடுவார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் தொண்ணூறு நாள் கூடுதல் சத்துணவு. தேறிவிட்டால் நிறுத்திவிடுவார்கள். கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது என்று அறிக்கைகள் பாராட்டின. குறைந்திருக்கும், அந்தப் பயனை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இதன் தர்க்கம் என்ன? குழந்தை முதலில் மெலிந்து காட்ட வேண்டும். தராசு சாட்சி சொன்ன பிறகுதான் சோறு.

1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சத்துணவைத் தொடங்கியது. எடை பார்க்கவில்லை. தட்டோடு வந்து உட்கார்ந்த பிள்ளைக்குச் சோறு. ஓட்டுக்குப் போடுகிற சோறு என்று மேதைகள் கசந்துகொண்டார்கள். 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நாடு முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்த உணவு போடச் சொன்னது. பசிக்கு நிரூபணம் வேண்டியதில்லை என்பதுதான் இதில் உள்ள அறம். முதலில் சோறு, கணக்கைச் சாப்பிட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அந்தச் சோற்றிலும் சாதி உட்கார்ந்திருக்கிறது. 2018இல் திருப்பூர் மாவட்டத்தில் ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதிக்காரர்கள் தகராறு செய்தார்கள். பிள்ளையின் எடையைத் தராசு காட்டும். கரண்டி பிடிக்க யாருக்கு அனுமதி என்பதை எந்தத் தராசு காட்டும்?

அடுத்து, 'குடும்ப நலம்' என்கிற சொல். கேட்கக் குளிர்ச்சியாக இருக்கிறது. அமெரிக்காவில் 1965இல் மொய்னிகன் அறிக்கை என்று ஒன்று வந்தது. கறுப்பின மக்களின் வறுமைக்கு அவர்களுடைய குடும்ப அமைப்பின் சிதைவைப் பெரிய காரணமாக முன்வைத்தது. 1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட நலச் சீர்திருத்தச் சட்டமும் திருமணமே சமுதாயத்தின் அடித்தளம் என்றுதான் தொடங்கியது. பிறகு ஏழைகளைச் சேர்த்து வாழவைக்கும் பயிற்சிகளுக்கும், அவை பலித்தனவா என்று பார்க்கும் ஆய்வுகளுக்கும் அரசுப் பணம் கோடிக்கணக்கில் போனது. கல்யாணமாகாத பெற்றோரைச் சேர்த்துவைக்கப் பார்த்த பெரிய திட்டம் ஒன்று, மொத்தத்தில் அவர்களைச் சேர்த்துவைக்கவில்லை என்று அந்த ஆய்வே சொன்னது. அடிமைத்தனம் பிய்த்துப்போட்ட குடும்பத்துக்குக் குடும்பப் பாடம் நடத்தினால் என்ன ஆகும்?

நம் நாட்டில் கதை இன்னும் கொடியது. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் புதுக்கூரைப்பேட்டை. பொறியியல் படித்த தலித் இளைஞர் முருகேசனும் வன்னியர் சாதியில் பிறந்த கண்ணகியும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். 2003 ஜூலை 8இல் இருவருக்கும் விஷம் ஊற்றிக் கொன்று எரித்தார்கள். செய்தது பெண்ணின் குடும்பம். தண்டனை வர 2021 ஆனது. 2025 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கொலை செய்த அந்தக் குடும்பத்தை வருமானம், உணவு, படிப்பு, ஒற்றுமை என்று அளவுகோல் வைத்து அளந்தால் என்ன மதிப்பெண் வந்திருக்கும்? ஒற்றுமைக்குக் குறைவே இருந்திருக்காது. சாதி இந்து சமூகத்தில் குடும்பம் என்பது சாதியின் கடைசிக் காவல் நிலையம். அதைக் கேட்காத குடும்ப நல ஆய்வு யாருடைய நலத்தை ஆய்கிறது?

அப்படியானால் ஆய்வே வேண்டாமா? வேண்டும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்கீர் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். வெள்ளைக்காரர், அதிகாரத்தின் ஆள்தான். ஆனால் அவர் பறையர்களின் பழக்கவழக்கத்தோடு நிற்கவில்லை. நிலம் யாரிடம் இருக்கிறது, மிராசுதார் எப்படி மறிக்கிறான் என்றும் கேட்டார். 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. கட்டத்தை மாற்றிப் போட்டதால் நிலம் வந்தது. அந்த நிலம் எங்கே போனது என்று 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் கேட்டவர்கள் மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். கேள்வி நம் கையில் இருந்தால் அரசுக்கு எவ்வளவு ஆத்திரம் வருகிறது பாருங்கள்.

அம்பேத்கரும் ஆய்வாளர்தான். பம்பாய் அரசு அமைத்த ஸ்டார்ட் குழுவில் அவர் உறுப்பினர். 1930இல் அந்த அறிக்கை வந்தது. ஒடுக்கப்பட்டவன் விசாரிக்கப்படுகிறவனாக மட்டும் இல்லாமல் விசாரிக்கிறவனாகவும் உட்கார்ந்தான்.

இன்று நாம் கேட்க வேண்டிய ஆய்வு எது? பட்டியல் சாதியினருக்கான சிறப்புக் கூறுத் திட்டப் பணம் எங்கே போகிறது என்பது. டெல்லியில் 2010 காமன்வெல்த் விளையாட்டுக்குப் பல நூறு கோடியைத் திருப்பிவிட்டார்கள். கர்நாடகத்தில் 2023-24இல் பட்டியல் சாதி, பழங்குடிகளுக்கான 11,000 கோடி ரூபாயைப் பொதுவான வாக்குறுதித் திட்டங்களுக்குக் காட்டினார்கள். தமிழ்நாட்டில் இந்த நிதிக்கென்று 2024இல் தனிச் சட்டமே வந்தது. ஊராட்சி ஊராட்சியாக இந்தப் பணத்தின் பின்னால் நடந்து போகிற ஆய்வுக்கு அரசு நிதி கொடுக்கட்டும். கொடுப்பவனையும் தடுப்பவனையும் ஆய்வுப் பொருளாக்கட்டும். ஊர்த்தெருவுக்கும் பாரம் போகட்டும். சேரியில் எடுத்த கணக்கைச் சேரியிலேயே கூட்டிவைத்துப் படித்துக் காட்டட்டும். இத்தனையும் செய்தால்தான் அது ஆய்வு. இல்லாவிட்டால் அது வேவு.

இதைப் படிக்கிற மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. எம்.ஏ. முடித்துவிட்டுத் தினப்படிக்குப் பாரத்தைத் தூக்கிக்கொண்டு காலனி காலனியாக அலைகிறவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. வயிற்றுப்பாடு, குறை சொல்ல முடியாது. போங்க. ஆனால் கட்டம் இல்லாத பதில் வரும்போது பேனாவை மூடிவிடாதீங்க. பேரைப் போடாமல் ஒரு தனி நோட்டில் அதை எழுதி வையுங்க. வேலி, கிணறு, கூலி, சுடுகாட்டுப் பாதை, மாப்பிள்ளை ஊரை விட்டு ஓடின காரணம், எல்லாவற்றையும். அரசின் அறிக்கை வரும் நாளில் நம்முடைய நோட்டையும் பக்கத்தில் வைப்போம்.